பண்ணவாடித் துறையில் ஓர் எச்சம்

மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றத் தொடங்கும் ஆண்டுகளிலெல்லாம் நம் நாளேடுகளில் ஒரே விதமான படமும் ஒரே விதமான செய்தியும் தவறாது வெளிவருகின்றன. பண்ணவாடிப் பரிசல் துறையை ஒட்டி, காய்ந்து வெடித்த சேற்று நிலத்திடையே, பழைய கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரம் நிற்கும். மற்றொரு படத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல் நந்தி கிடக்கும். கோபுரம் தலைகாட்டியது என்றும், நந்தி வெளிப்பட்டது என்றும் தலைப்பிடுவார்கள். கூட்டம் கூடும், படம் பிடிப்பார்கள், கரையில் மீன் வறுவல் விற்கும். பின்னர்க் குடகிலே மழை பொழியும். கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பி வழியும். ஒகேனக்கல்லைத் தாண்டி வெள்ளம் வந்து சேரும். கோபுரமும் நந்தியும் நீருக்குள் போய்விடும். செய்தியும் அவற்றோடு போய்விடும்.

இந்தச் செய்தியையும், இதைப் பின்பற்றி அண்மைக் காலத்தில் நம் இளங்கவிஞர்கள் சிலர் யாத்துள்ள பாடல்களையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். எச்சத்தைப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு அதைப் படிக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பதே எம் குறை.

முதலில் செய்தியை நேர் செய்துகொள்வோம். காவிரிக்குக் குறுக்கே மேட்டூரில் அணை எழுப்பும் வேலை 1925இல் தொடங்கிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1924இல், சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே காவிரி நீர் பற்றிய உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. வேலை 1934இல் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் அணை திறந்துவைக்கப்பட்டது. அன்றைய கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. நிரம்பிய நிலையில் அதன் நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 93.5 டி.எம்.சி. நீர் பரந்து நிற்கும் இடம் 59 சதுர மைல். இந்த 59 சதுர மைல் பாழ்நிலமாகக் கிடந்ததன்று. அதிலே பழைய பண்ணவாடி இருந்தது, நாயம்பாடி இருந்தது, வேறு பல சிற்றூர்களும் இருந்தன. அவற்றின் மக்கள் எழுந்து கரைக்குப் போனார்கள். நீர்மட்டம் 70, 80 அடிகளுக்குக் கீழே இறங்கும்போது நம் கண்ணுக்குப் படுவன, அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் கரையாமல் நின்றவை மட்டுமே.

ஆகவே இது ஆயிரமாண்டு மர்மமன்று; கடல்கொண்ட குமரிக் கண்டமும் அன்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அரசாங்கத்தார் அளந்து, மதிப்பிட்டு, காகிதத்தில் எழுதி, பின்னர் நீரை விட்ட இடம். அங்கிருந்து வெளியேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் கொளத்தூர் வட்டாரத்திலே வாழ்கின்றனர். மர்மம் என்று எழுதுவது எழுதுபவருக்கு எளிது. கேட்டறிய வேண்டிய கடமை அத்துடன் தீர்ந்துவிடுகிறதல்லவா?

தேவாலயக் கோபுரத்தையும் நந்தியையும் பற்றி நம் மாத இதழில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு இரண்டு மறுமொழிகள் உண்டு. இறைவனின் திருநாமம் நினைவுகூரப்படும் இடங்களைக் குறிப்பிடுகையில் அல்குர்ஆன் தன் 22ஆம் அத்தியாயத்தில் மடங்களையும், தேவாலயங்களையும், யூதர்களின் தொழுகைக் கூடங்களையும், பள்ளிவாசல்களையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கிச் சொல்கிறது. அதைத் தினமும் ஓதும் சமுதாயத்தார், ஓர் ஆலயத்தின் இடிபாட்டை அயலார் விஷயம் என்று ஒதுக்குவது பொருந்தாது. இது முதல் மறுமொழி.

இரண்டாவது இலக்கியம் சார்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பாசிய காலத்துப் பெருங்கவிஞர் அல்புஹ்துரீ, தம் புரவலரான கலீஃபா முதவக்கில் கொலையுண்ட பின்னர் மனம் நொந்து, பக்தாதுக்கு அருகிலுள்ள மதாயினுக்குச் சென்றார். பாரசீகப் பேரரசர்களின் தலைநகரமாக இருந்து அழிந்த ஊர் அது. அந்நகரின் அரண்மனையில் எஞ்சியிருந்தது ஒரு மாபெரும் செங்கல் வளைவு. ஈவான் கிஸ்ரா என்று அதைச் சொல்வார்கள். ஸீன் எழுத்தை இயைபாகக் கொண்டதால் ‘ஸீனிய்யா’ எனப் பெயர்பெற்ற தம் நெடும்பாடலை அவர் இந்த வளைவைப் பற்றியே பாடினார். அது தம்முடைய இல்லமன்று, அதைக் கட்டியோர் தம் இனத்தாரும் அல்லர் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆயினும் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையில் ஓர் இம்மியும் குறைக்கவில்லை. அரபு மொழியில் கட்டடத்தைப் பாடிய பாடல்களுள் இதற்கு நிகரானவை மிகச் சில.

அல்புஹ்துரீ அங்கே வெறுமனே அழுதுவிட்டுத் திரும்பவில்லை என்பது இங்கு நம் கவனத்துக்கு உரியது. அவர் சுவரைப் பார்த்தார். அதன்மேல் தீட்டப்பட்டிருந்த ஓவியத்தைப் பார்த்தார். அந்தாக்கியா நகரில் ரோமருக்கும் பாரசீகருக்கும் நடந்த போர் அதிலே வரையப்பட்டிருந்தது. யார் எந்த நிறத்து உடை உடுத்தியிருந்தார், யார் ஈட்டியை எப்படிப் பிடித்திருந்தார் என்று உற்று நோக்கிச் சொன்னார். உருவங்களுக்கு உயிர் உண்டோ என ஐயுற்றுக் கையால் தடவிப் பார்த்ததாகவும் பாடினார். அந்த ஓவியம் இன்று இல்லை. அவருடைய பாட்டே அதற்கு எஞ்சிய சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டைக்ரிஸ் ஆற்று வெள்ளம் அந்த முகப்பின் ஒரு பக்கத்தையும் கொண்டுபோயிற்று. வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. (கலீஃபா மன்ஸூர் தம் புதிய பக்தாதுக்குச் செங்கல் வேண்டி இதை இடிக்க முற்பட்டார் என்றும், இடிக்கும் செலவு செங்கல்லின் விலையை மிஞ்சியதால் கைவிட்டார் என்றும் வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். கட்டடங்களைக் காப்பதில் சிக்கனத்துக்கும் ஒரு பங்கு உண்டு போலும்!)

இப்போது பண்ணவாடிக்குத் திரும்புவோம். நாம் படித்த பாடல்கள் சிலவற்றில் அந்தக் கோபுரம் வருகிறது. ஆனால் அது எதனால் கட்டப்பட்டது, அதன் வாயில் எப்பக்கம் நோக்கியது, அங்கே தொழுதவர் யார் என்னும் செய்தி ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக மணியோசை வருகிறது. நள்ளிரவில் நீருக்கடியிலிருந்து மணி ஒலிக்கிறதாம், மீன்கள் கேட்கின்றனவாம்! இந்த மணி நம் காவிரியின் மணியன்று. ஐரோப்பாவிலிருந்து கடன் வாங்கியது. இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், 1950இல் கிராவுன் என்னும் சிற்றூரை மின்சார நிறுவனம் ஒன்றின் அணை மூழ்கடித்தது. ஏரியின் நடுவே அவ்வூர்த் தேவாலயத்தின் பழைய கோபுரம் மட்டும் தலைதூக்கி நிற்கிறது. குளிர்கால இரவுகளில் அதன் மணியோசை கேட்கும் என்பது அவ்வூர்க் கதை. ஆனால் நீர் சூழுமுன்னரே மணிகளை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது வரலாறு. அங்கேயே இல்லாத மணியை இங்கே கொண்டுவந்து கட்டுவதில் என்ன சிறப்பு இருக்கிறது? பண்ணவாடியிலே கேட்கக் கூடியது காற்றும், பரிசலின் துடுப்பும், ஆடு மேய்ப்பவரின் குரலுமே. அவற்றை எழுதியவரை நாம் இன்னும் காணவில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு; அது கண்ணை ஏமாற்றும் பிழை. நீர் வடிந்தபின் தெரிவது ஒரு தேவாலய முகப்பும் ஒரு கோயில் நந்தியும் என்பதால், அவ்வூர் முழுவதும் வழிபாட்டிடங்களால் ஆனதுபோல் ஒரு தோற்றம் ஏற்படுகிறது. செய்தியைப் படிப்பவர் மனத்தில் பதிவதும் அதுவே. உண்மை என்ன? அக்காலத்துச் சிற்றூர்களில் குடியானவர் வீடு பெரும்பாலும் மண்சுவரும் கூரையுமே. குயவர் சூளையும், நெசவாளர் குழியும், வண்ணார் துறையும், மாட்டுக் கொட்டிலும் கருங்கல்லால் ஆனவையல்ல. மண்சுவர் ஒரே வெள்ளத்தில் கரைந்துபோகும், கூரை மிதந்துபோகும். கருங்கல்லும், சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல்லும் தாக்குப்பிடிக்கும். ஆகவே எச்சம் என்பது ஊரின் சுருக்கமன்று. எந்தப் பொருள் நீருக்கு ஈடுகொடுத்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரு சம்பவத்தை நூறு பேர் கண்டிருக்க, ஓர் அறிவிப்பாளரின் வாய்மொழி மட்டும் நமக்கு வந்து சேர்ந்ததென்றால், அவர் சொன்னதை ஏற்போம். ஆனால் அவர் சொல்லாததெல்லாம் நிகழவில்லை என்று முடிவு கட்ட மாட்டோம். பண்ணவாடிக் கோபுரம் அத்தகைய தனி அறிவிப்பாளர்.

கரைந்துபோன அந்த ஊரில் ஒன்று மட்டும் வறட்சிக் காலத்தில் மீண்டும் உயிர்பெறுவதுண்டு. நீர் பின்வாங்கிய நிலத்தில் சுற்றுப்புறத்து உழவர்கள் இறங்கி எள்ளும், கேழ்வரகும், நிலக்கடலையும், சோளமும் விதைக்கிறார்கள். நீர் ஏறிவருமுன் அறுத்துக்கொண்டால் இலாபம். முந்திக்கொண்டு ஏறிவிட்டால் விதையும் போயிற்று. கோபுரத்தைப் படம் எடுக்கும் கருவி இந்தப் பசுமையை ஓரத்தில் தள்ளிவிடுகிறது. எம் கருத்தில், அழிந்த ஊரின் மெய்யான எச்சங்களுள் இந்த உழவும் ஒன்று. கோபுரத்துக்கு அது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இடிபாட்டைப் பாடுவதற்கு அரபு இலக்கியத்தில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. ‘அத்லால்’ என்று அதைச் சொல்வார்கள். பெயர்ந்துபோன கூடாரத்தின் சுவடுகள் என்பது பொருள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் அறிஞர் இப்னு குதைபா, கவிஞர்களைப் பற்றிய தம் நூலின் முன்னுரையில் கஸீதாவின் அமைப்பை விளக்குகிறார். கவிஞன் முதலில் பாழிடத்தில் நிற்பான். உடன் வருவோரையும் நிறுத்துவான். அங்கே வாழ்ந்து பெயர்ந்தவர்களை நினைத்து முறையிடுவான். பின்னர் பயணத்தைத் தொடர்வான். இம்ருல் கைஸும், பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய லபீதும் இவ்வாறே தொடங்கினார்கள். இதில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று: அவர்கள் இடத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. எந்த மணல்மேடு, எந்த இரு இடங்களுக்கு நடுவே என்று எல்லை குறித்துச் சொல்வார்கள். பெயரற்ற பாழிடம் அவர்கள் பாட்டிலே இல்லை. பின்வந்தோர் பாலைவனத்தையே காணாமல் நகரத்து மாடங்களில் இருந்துகொண்டு இதைச் சடங்காகப் பாடத் தொடங்கியபோது, அபூ நுவாஸ் அவர்களை எள்ளி நகையாடினார். அவர் வாழ்க்கை முறை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்த நகையாடலில் நியாயம் இருந்தது. பண்ணவாடியைக் காணாமலே நீருக்கடியில் மணியடிப்பவர்களை அவர் கண்டிருந்தால் என்ன பாடியிருப்பாரோ!

தமிழுக்கும் இது புதிதன்று. இதே காவிரியின் கழிமுகத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலை சொல்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் நீர்த்தேக்கக் கரையில் காவிரிபுரம் என்று ஓர் ஊர் உண்டு. மைசூருக்கு ஏறும் கணவாயைக் காத்த கோட்டை என்று ஐதர் அலி காலத்துப் போர் வரலாற்றில் பெயர் பெற்றது. ஒரே ஆற்றின் பெயர் தாங்கிய இரண்டு ஊர்களில் கீழுள்ளதற்குக் காப்பியம் கிடைத்தது. மேலுள்ள பகுதிக்கு நாளேட்டுப் படம் மட்டுமே கிடைத்திருக்கிறது.

அணையையும் அழிவையும் பற்றிப் பேசும்போது, மத்ரஸாவில் ஓதியவர் நினைவுக்கு முதலில் வருவது மஃரிப் அணையே. யமன் நாட்டில் ஸபா மக்கள் கட்டிய அந்த அணை உடைந்து பெருவெள்ளம் வந்ததை அல்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் கூறுகிறது. இருபுறமும் தோட்டங்கள் சூழ்ந்திருந்த நிலம் கசப்புக் கனிகளும் முட்புதர்களுமாக மாறிற்று. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அது இறுதியாக உடைந்தபின் மீண்டும் கட்டப்படவில்லை. 1986இல்தான் அபூதபி ஆட்சியாளர் ஷெய்கு ஸாயித் அவர்களின் உதவியால் அருகில் புதிய அணை எழுந்தது. பழைய அணையின் மண்கரை போயிற்று. வடக்கிலும் தெற்கிலும் அதன் கல் மதகுகள் இரண்டு மட்டும் இன்றும் நிற்கின்றன. மேட்டூரின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே அணை உடைந்ததால் ஊர் அழிந்தது. இங்கே அணை நிலைத்ததால் ஊர் அழிந்தது. அங்கே எஞ்சியது மதகு. இங்கே எஞ்சியது ஆலய முகப்பு. இந்த வேறுபாட்டைக் கருதாமல் பண்ணவாடியை இறைதண்டனையின் சின்னம்போல் மேடைகளில் எடுத்துக்காட்டும் பேச்சாளர்களும் நம்மில் உளர். அது பெரும் அநீதி. அந்த மக்கள் செய்நன்றி கொன்றதனால் வெளியேற்றப்படவில்லை. மற்றவர் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த மற்றவர் யார்? இதை நம் வாசகர்கள் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டூர்த் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கல்லணையிலிருந்து வெட்டப்பட்டது கல்லணைக் கால்வாய். புது ஆறு என்று மக்கள் அதை வழங்குவார்கள். அதுவரை மழையையும் ஏரியையும் நம்பிக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்கள் அதனால் நெல் வயல்களாயின. பழைய டெல்டாவின் பாசனமும் அணைக்குப் பின்னர்தான் நாள் குறித்து நடக்கும் காரியமாயிற்று. மதுக்கூரிலும், கூத்தாநல்லூரிலும், இராஜகிரியிலும் நம் குடும்பத்துப் பெரியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டிவந்து வாங்கிய நஞ்சை அந்தத் தண்ணீரை நம்பியது. கந்தூரிச் சோற்றிலும் நோன்புக் கஞ்சியிலும் வெந்த அரிசி அந்தத் தண்ணீரில் விளைந்தது. பண்ணவாடியின் நிலம் நீருக்குள் இருப்பதனால் நம் நிலத்தில் நீர் பாய்கிறது. இதை மறந்து ‘அழகிய காட்சி’ என்று எழுதும் எழுத்து எமக்கு உவப்பாக இல்லை.

மேலும் அந்தக் காட்சி யாருடைய துன்பத்தால் கிடைக்கிறது என்பதையும் பார்க்கலாம். 2023இல் ஜூன் 12ஆம் நாள் வழக்கம்போல் அணை திறக்கப்பட்டது. மேலிருந்து வரவேண்டிய நீர் வரவில்லை. அக்டோபர் 10ஆம் நாள் நீர்மட்டம் 31 அடிக்கும் கீழே இறங்கிவிட, பாசனத்துக்கு நீர் நிறுத்தப்பட்டது. டெல்டாவில் குறுவை கருகியது. கோபுரமும் நந்தியும் முழு உருவில் தெரிந்தது அந்நாட்களிலேதான். மறு ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறக்கவே இயலவில்லை. ஆக, மேலே கோபுரம் நன்றாகத் தெரிகிறதென்றால் கீழே வயல் வெடித்திருக்கிறது என்று பொருள். ஒரே நாளேட்டில் ஒரு பக்கத்தில் குறுவை கருகிய செய்தியும், மறுபக்கத்தில் கோபுரம் காணக் குவிந்த கூட்டமும் வந்தால், இரண்டும் ஒரே செய்தி என்பதைச் சொல்லவேண்டியது எழுதுபவரின் கடமை அல்லவா?

இனி, என்ன செய்யலாம் என்னும் கேள்வி. கோபுரத்தைப் பெயர்த்தெடுத்துக் கரையில் வைக்க வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். நனைவதும் காய்வதுமாகத் தொண்ணூறு ஆண்டு கழித்த காரைச் சுவரை எங்ஙனம் பெயர்ப்பது என்பதைப் பொறியியல் வல்லோர் சொல்லட்டும். எமக்கு அதைவிட விரைவாகச் செய்யத்தக்கதாகத் தோன்றுவது வேறு. அதை விளக்க, இதே காவிரியில் மேட்டூருக்கு மேலே உள்ள மற்றொரு கல்லைக் காட்டுகின்றோம்.

கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை நடந்தபோது அங்கே பாரசீக மொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திப்பு சுல்தான் அதே பகுதியில் ஓர் அணைக்கு அடிக்கல் நாட்டியதை அது பதிவு செய்கிறது. அந்த அணை எழவில்லை; 1799இல் சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்துபட்டார். எழாத கட்டடத்தின் எச்சம் அந்தக் கல். எனினும் அது பேசுகிறது. அணைநீரைக் கொண்டு புதிதாக நிலம் திருத்துவோர் மற்றவர்களைவிடக் குறைவாகச் சர்க்காருக்குச் செலுத்தினால் போதும் என்னும் சலுகையையும் அதில் வாசிக்கலாம். கட்டடம் இல்லை, எழுத்து இருக்கிறது. ஆகவே யார், எதற்காக, யாருக்குப் பயன்பட என்பதெல்லாம் தெரிகிறது. பண்ணவாடியில் கட்டடம் இருக்கிறது. அதை விளக்கும் எழுத்துத்தான் மக்கள் கைக்கு எட்டவில்லை.

நிலம் எடுத்த காலத்தில் சேலம், கோயமுத்தூர் ஜில்லா அதிகாரிகள் ஊர்வாரியாக, சர்வே எண் வாரியாக, உடையவர் பெயரும் இழப்பீட்டுத் தொகையும் எழுதாமல் ஒரு காணியும் கைப்பற்றியிருக்க முடியாது. சட்டம் அதை வேண்டிற்று. கத்தோலிக்கத் திருச்சபையார் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பேரேடு வைப்பவர்கள். கொளத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் பழைய பட்டா, பத்திரம், உறவுமுறை வழிவந்த ஊர்ப் பேச்சு ஆகியன இருக்கும். இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் படிக்கச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து வரலாற்று மாணவர் ஒருவர் முன்வந்தாலும் போதும். எந்த ஊர் எங்கே இருந்தது, எத்தனை வீடு, என்னென்ன தொழில், எவர் எங்கே குடியேறினர் என்று ஒரு சிறு நூல் எழுதிவிடலாம். கோபுரத்தை முன்னட்டையில் போடுவதானால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் உள்ளே மண்சுவர் வீட்டுக்காரர்களின் பெயர்கள் இருக்க வேண்டும்.

இதற்குக் காலம் குறைவு. அணைக்கு முன் அங்கே பிறந்தவர் எவரேனும் இருப்பின் அவருக்கு வயது தொண்ணூறைக் கடந்திருக்கும். பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டவர்களே எழுபதைத் தாண்டிவிட்டார்கள். நீரோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 2024 ஜூன் இறுதியில் 40 அடியை ஒட்டிக் கிடந்த நீர்மட்டம், ஜூலை 30ஆம் நாள் 120 அடியைத் தொட்டுவிட்டது. இடைப்பட்ட ஒரே மாதத்துக்குள் நந்தி மறைந்தது, விதைத்த எள் மறைந்தது, கோபுரத்தின் உச்சியும் மறைந்தது. பரிசல்காரர்கள் கரையை மேலே மாற்றிக்கொண்டு நாகமரைக்கு ஆள் ஏற்றத் தொடங்கினார்கள்.